கேஷியர் வேலையும் மெடிக்கல் ஸ்கூலும் – கடிதம்

ஐயா,

அமெரிக்காவில் இளங்கலை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். இந்த ஆண்டு மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பம் போடுகிறேன். ஆம்காஸ் (AMCAS) என்ற, பெரும்பாலான மெடிக்கல் ஸ்கூல்களுக்குப் பொதுவான விண்ணப்பப் படிவத்தில் செயல்பாடுகளுக்கு 15 இடம்தான். என்னிடம் 21 இருக்கின்றன. நான்கு டாக்டர்களிடம் தனித்தனியாக ஷேடோயிங் (டாக்டர் வேலை செய்வதைக் கூடவே இருந்து பார்ப்பது), மருத்துவமனையில் தன்னார்வப் பணி, லேப் ஆராய்ச்சி, சிறுவயது முதல் பரதம், பெயருக்கு உறுப்பினராக இருந்த மூன்று மாணவர் சங்கங்கள் என்று நீள்கிறது. கல்லூரிக் காலம் முழுக்க ஒரு கடையில் கேஷியராகவும் இருந்தேன். அதைப் போட்டால் மதிப்புக் குறையும் என்கிறார் அப்பா. எதை வைப்பது, எதை விடுவது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

கணக்கு சுலபம். நான்கு ஷேடோயிங்கையும் ஒரே பதிவாக்கி, எந்தத் துறை, எத்தனை மணி நேரம் என்று உள்ளே எழுதிவிடுங்கள். மூன்று சங்கங்களையும் தூக்கிவிடுங்கள். 15 வந்துவிட்டது. ஆனால் 15 என்பது உச்சவரம்புதான். அத்தனையையும் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பத்து நல்ல பதிவுக்குப் பின்னால் ஐந்து சவலைப் பதிவு வந்தால், படிப்பவர் கண்ணில் அந்த ஐந்தும்தான் உறுத்தும்.

நேர்காணல் மேஜையின் அந்தப் பக்கம் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். படிவத்தில் இருக்கும் எதைப் பற்றியும் கேட்போம். கடைசிப் பதிவிலிருந்துகூட ஆரம்பிப்போம். "இந்தச் சங்கத்தில் என்ன செய்தீர்கள்?" என்றால் உங்களிடம் பதில் இருக்கிறதா? பத்து நிமிடம் பேச முடியாதது பட்டியலில் இருக்க வேண்டாம். நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்.

அந்த அளவுகோலில் உங்கள் கேஷியர் வேலை முதல் வரிசையில் நிற்கிறது. அப்பா கோபித்துக்கொள்ளக் கூடாது; நம் வீடுகளில் வெள்ளைக் கோட்டு இல்லாத வேலை எதையும் வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை. படிவத்திலேயே மருத்துவம் சாராத சம்பள வேலைக்கென்று தனி வகை இருக்கிறது. செமஸ்டர் பாடத்தோடு வாராவாரம் ஷிஃப்ட் பார்த்தவர் என்று தெரிந்தால், உங்கள் மதிப்பெண்ணையே வேறு கண்ணோடு பார்ப்பார்கள். அப்புறம், கார்டு செல்லாமல் போய், பின்னால் வரிசை முறைக்க, முகம் சிவந்து நிற்பவரிடம் எப்படிப் பேசுவது என்பது கல்லாவில் நின்றவருக்குத் தெரியும். டாக்டர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

ஒவ்வொரு பதிவுக்கும் இடைவெளி உட்பட 700 எழுத்து. மிக முக்கியமானவை என்று மூன்று வரை குறிக்கலாம். அவற்றுக்குக் கூடுதலாக 1325 எழுத்து தருகிறார்கள். கேஷியர் வேலையை அந்த மூன்றில் ஒன்றாக வைக்க முடியுமா என்று யோசியுங்கள். ஷேடோயிங்கை வைக்காதீர்கள். அதில் நீங்கள் எதுவும் செய்யவில்லை, பார்த்தீர்கள்.

எழுதும்போது "இந்த அனுபவம் மனிதநேயத்தை உணர்த்தியது" மாதிரி வரிகள் வந்தால் அடித்துவிடுங்கள். "சனிக்கிழமை காலைகளில் வார்டில் தண்ணீர் கொடுப்பேன், போர்வை மாற்றுவேன், பார்க்க ஆள் வராதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்" என்று எழுதினால் போதும், மீதி அவர்களுக்கே புரியும். லேப் விஷயத்தில் பேராசிரியரின் ஆராய்ச்சியை விளக்க வேண்டாம். உங்கள் கை அதில் என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள்.

பரதம் இப்போதும் ஆடுகிறீர்களா? ஆடினால் தாராளமாகப் போடுங்கள். பள்ளி நாளில் நடந்த அரங்கேற்றத்தோடு நின்றுபோனது என்றால் விட்டுவிடுங்கள். கல்லூரியிலும் தொடராத பள்ளிக்காலச் சமாச்சாரங்களுக்கு இங்கே பொதுவாக மதிப்பில்லை.

மணிக்கணக்கை உருட்டிப் பெரிதாக்காதீர்கள். முடித்த மணிகளை ஒரு இடத்திலும், இனிமேல் செய்யப்போகும் மணிகளை இன்னொரு இடத்திலும் கேட்பார்கள். இரண்டையும் கலக்க வேண்டாம். விசாரிக்க ஒருவரின் பெயரும் கேட்பார்கள். கடை மேனேஜரிடம் இப்போதே சொல்லி, சேர்ந்த தேதியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை அனுப்பிய பிறகு இந்தப் பகுதியைத் திருத்த விடமாட்டார்கள்.