கிளாஸ்கோ தண்ணீருக்கு யாழ்ப்பாணக் கைப்பிடி கூடாது

கிளாஸ்கோவுக்கு வந்து மூன்று கிழமைதான் ஆகிறது என்றும், வாடகை வீட்டில் இருந்த சலவை இயந்திரத்தில் இரண்டு முறை உடுப்புப் போட்டபோதும் சவர்க்காரம் இடும் லாச்சி வழியாக நுரை வெளியே தள்ளியது என்றும் எழுதியிருக்கிறீர்கள் தம்பி. திரையில் 12 நிமிடம் என்று காட்டிய நேரம் அப்படியே நின்றுவிட்டதாகவும், உடுப்புகள் சொட்டச் சொட்ட நனைந்தபடி வந்ததாகவும், இயந்திரம் பழுதா அல்லது உங்களில் பிழையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொக்குவிலில் இருந்து கொண்டுவந்த சவர்க்காரத்தூளில் இரண்டு கைப்பிடி போட்டதாகவும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நானும் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடச் சொல்லியிருப்பேன். இயந்திரத்தில் பெரும்பாலும் குறை எதுவும் இராது. நீங்கள் அளந்து போட்டது யாழ்ப்பாணத்துத் தண்ணீருக்கான அளவு.

நம்முடைய குடாநாட்டில் தண்ணீர் முழுவதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிக் கிடந்து கிணற்றுக்கு வருவது. கேத்தலின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும், தலைக்கு எவ்வளவு சவர்க்காரம் தேய்த்தாலும் நுரை எழும்ப மறுப்பதும் அதனால்தான். நீங்கள் போடும் தூளில் ஒரு பங்கை அந்தச் சுண்ணாம்பே பிடித்துக்கொள்கிறது, மிச்சம்தான் அழுக்குக்குப் போகிறது. பல கிணறுகளில் ஒரு லீற்றருக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட வன்மை, அதாவது கரைந்த சுண்ணாம்பு, இருக்கிறது. கிளாஸ்கோவுக்கு வரும் தண்ணீரோ ஸ்கொட்லாந்தின் மலைப்பகுதியிலுள்ள கற்றின் ஏரியிலிருந்து (Loch Katrine) வருவது. 1859 இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த அந்தத் திட்டம்தான் இன்றைக்கும் இந்த நகரத்தின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் கொடுக்கிறது. எளிதில் கரையாத பழம்பாறைகளின் மேல் விழும் மழை அது என்பதால் சுண்ணாம்பு அநேகமாக இல்லை. இவ்வளவு மென்னீரில் நீங்கள் போட்ட தூளைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாதபடியால், அது முழுவதும் நுரையாகிவிடுகிறது. இலண்டனில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணா தான் நிறையப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னால் அதுவும் உண்மைதான். அங்கே தண்ணீர் நம் ஊரைப் போல வன்னீர்.

தூளிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. வாளியில் ஊறவைத்துக் கையால் கசக்குவதற்கென்று செய்யப்படும் தூள், பார்ப்பவருக்கு நுரை தெரிய வேண்டும் என்பதற்காகவே நன்றாக நுரைக்கும்படி கலக்கப்படுகிறது. முன்பக்கக் கதவுள்ள தானியங்கி இயந்திரத்துக்கான தூளில் நுரையை அடக்கும் பொருளும் சேர்ந்திருக்கும், ஏனென்றால் இந்த இயந்திரம் மிகக் குறைந்த தண்ணீரில் உடுப்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு அடித்துத் துவைப்பது. நுரை மெத்தை போல நிறைந்துவிட்டால் உடுப்பு விழுந்து அடிபடாது. ஆகவே நுரை கூடக்கூட அழுக்குப் போவது குறையும். நுரை கண்டால்தான் துவைத்த மாதிரி என்று நம்பி வளர்ந்த நமக்கு இது இலேசில் மனதில் ஏறாது.

நேரம் 12 நிமிடத்தில் நின்றதற்கும் அதே நுரைதான் காரணம். அடியில் உள்ள பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்று நிரம்பிய நுரையை அதனால் தள்ள முடியாது. உள்ளே நுரை இருப்பதை உணர்ந்த இயந்திரம் வேகமாகச் சுழற்றிப் பிழிவதை நிறுத்திவைத்து, மறுபடி அலசிப் பார்க்கிறது, மறுபடி நிற்கிறது.

இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இனியொரு முறை நுரை எழும்பினால் கதவைத் திறக்க முயலாமல் இடைநிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா விடுங்கள். நுரை தானாகவே பாதியாக அமரும். பிறகு ஒரு மேசைக்கரண்டி உடுப்பு மென்மையாக்கும் திரவத்தை அரை லீற்றர் தண்ணீரில் கலந்து, லாச்சியில் இரண்டு கோடு போட்ட பிரதான அறைக்குள் மெதுவாக ஊற்றுங்கள். அந்தத் திரவம் சவர்க்காரத்துக்கு எதிரான தன்மையுள்ளது, சேர்ந்தவுடன் நுரை உடையும். மழைச் சட்டை, விளையாட்டு உடுப்பு, இறகு அடைத்த குளிர்ச் சட்டை உள்ளே இருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அதன் பின்னர் தண்ணீரை வெளியேற்றிப் பிழியும் கட்டத்தை மாத்திரம் தெரிவுசெய்து ஓடவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் ஒரு முறையோ இரண்டு முறையோ அலச விடுங்கள். வெந்நீரில் அலசினால் நுரை இன்னும் கிளம்பும்.

அத்தோடு விஷயம் முடியாது. இரண்டு முறை போட்ட நான்கு கைப்பிடியும் இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. கதவின் றப்பர் வளையத்தின் மடிப்புக்குள், லாச்சியின் பின்சுவரில், எல்லாவற்றையும் விட உங்கள் துவாய்களுக்குள். காய்ந்த துவாய் அப்பளம் போல விறைத்து நின்றால், கறுப்புக் காற்சட்டையின் தையல் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால், கழுத்துப் பக்கம் கடித்தால், அது தூளின் மிச்சம். லாச்சியை முழுவதுமாக இழுத்தெடுத்து வெந்நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள், றப்பர் மடிப்பை ஈரத் துணியால் வழித்தெடுங்கள். பின்னர் சவர்க்காரம் எதுவும் போடாமல், துவாய்களை மட்டும் போட்டு 60 பாகையில் ஓடவிட்டுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். ஒன்றுமே போடாத தண்ணீரில் நுரை வருவதை நீங்களே காண்பீர்கள். கண்ணாடியில் தெளிந்த தண்ணீர் தெரியும் வரை இரண்டு மூன்று முறை இப்படிச் செய்ய வேண்டி வரலாம்.

இனிப் போடும் அளவு. இங்கே கடையில் வாங்கும் பொதியின் பின்புறத்தில் மென்னீர், நடுத்தரம், வன்னீர் என்று பிரித்து ஒரு அட்டவணை இருக்கும். மென்னீர் நிரலில், அழுக்குக் குறைவு என்ற இடத்தில் உள்ள மிகச் சிறிய எண்தான் கிளாஸ்கோக்காரருக்கு உரியது. உடுப்புச் சுழலும் உருளை பாதிதான் நிறைந்திருந்தால் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரு சலவைக்கென்று அளந்து அடைத்து விற்கும் சிறு பொட்டலங்களைக் குறைக்க முடியாது என்பதால் தனியாளுக்கு அவை ஏற்றவை அல்ல என்பது என் எண்ணம். திரவத்தையோ தூளையோ வாங்கி, மூடியால் அளந்து போடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தை அவசரத்துக்கு ஒரு சொட்டுக்கூட இதற்குள் விடாதீர்கள்.

லாச்சியின் மூன்று அறைகளிலும் தூள் நிரப்பியிருந்தீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் கோடு முன்சலவைக்கு, இரட்டைக் கோடு பிரதான சலவைக்கு, பூப் படம் மென்மையாக்கும் திரவத்துக்கு. பூவுக்குள் சவர்க்காரத்தைப் போட்டால், கடைசி அலசலுக்கு வரும் நல்ல தண்ணீரில் அது கரைந்து, முடிகிற நேரத்தில் திரும்பவும் நுரை தொடங்கும்.

அளவைக் குறைத்த பிறகும் தண்ணீர் வடியாவிட்டால் வடிகட்டியைப் பார்க்க வேண்டும். முன்பக்கத்தின் அடியில் ஒரு சிறு கதவு இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, தண்ணீர் சூடாக இருந்தால் ஆறவிட்டு, தட்டையான தட்டொன்றையும் பழைய துவாயையும் வைத்துக்கொண்டு, வடிகட்டியை இடப்பக்கமாக மெல்லமெல்லத் திருப்புங்கள். எனக்கு ஒரு முறை இரண்டு பென்ஸ் நாணயமும், நூலும், பிள்ளையின் சட்டைப் பொத்தானும் சேர்ந்த ஒரு உருண்டை கிடைத்தது. கழுவி இறுக்கிப் பூட்டுங்கள். அரைகுறையாகப் பூட்டினால் அடுத்த முறை அதன் வழியாகத் தண்ணீர் தரைக்கு வரும்.

தரைக்கு வரும் தண்ணீரைப் பற்றி நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 1998 இல் நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில், பழைய கல் மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருந்தோம். இங்கே இயந்திரம் குசினிக்குள்ளேயே இருப்பதும், துவைத்ததைக் கூரையில் கப்பி போட்டுத் தொங்கும் மரச்சட்டத்தில் ஏற்றிக் காயவிடுவதும் எனக்கு அப்போது பெரிய புதினம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் பருப்பு வேகவைத்துக்கொண்டு நின்றபோது, லாச்சியின் விளிம்பில் பால் பொங்குவது போல வெள்ளை எழும்பி, ஓசையில்லாமல் இறங்கிக் கால் பெருவிரலைத் தொட்டது. கணவர் தன் சாரத்தைக் கழற்றித் தரையில் போட்டு ஒற்றியெடுத்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு அம்மையார் கையில் ஒரு சமையல் பாத்திரத்தோடு நின்றார். அதன் அடியில் எங்கள் நுரைத் தண்ணீர் நான்கு விரற்கடை அளவுக்குக் கிடந்தது. அவர் கோபிக்கவில்லை. என்ன தூள் போட்டாய் என்று கேட்டுப் பொதியை வாங்கிப் பார்த்துவிட்டு, மேசைக்கரண்டி ஒன்றை எடுத்து, அதில் ஒன்றரை என்று விரலால் காட்டிவிட்டுப் போனார்.

ஆகையால் உங்கள் வீட்டிலும் நுரை தரைக்கு இறங்கியிருந்தால், கீழே போய்க் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று இன்றைக்கே கேட்டுவிடுங்கள். ஈரம் இருந்தால் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், படமும் எடுத்து வையுங்கள். பிறகு முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போது அது உதவும். ஊர்த் தூளை எறிய வேண்டாம். வாளியில் சப்பாத்தும் காலுறையும் கையால் கழுவ அது மிகவும் நல்லது. இவ்வளவும் செய்த பின்னும் நேரம் நகராவிட்டால், எந்தப் பொதி, எத்தனை மில்லிலீற்றர், எந்தச் சலவைக் கட்டம், வடிகட்டியில் என்ன கிடைத்தது என்பவற்றைக் குறித்து மறுபடி எழுதுங்கள்.