கொலுகோ யாருக்குச் சொந்தம்?

மதிப்பிற்குரிய ஐயா,

போன சனிக்கிழமை புக்கிட் தீமா காட்டில் மரத்தோடு மரமாக ஒட்டிக்கிடந்த கொலுகோ (தோல்சவ்வை விரித்து மரத்துக்கு மரம் சறுக்கிச் செல்லும் பாலூட்டி) ஒன்றைப் பார்த்தோம். தொடக்கநிலை ஐந்தில் படிக்கும் என் மகன், "இது வௌவாலுக்குச் சொந்தமா, குரங்குக்கா?" என்று கேட்டான். தேடிப் பார்த்தேன். முன்பு வௌவால் என்றவர்கள் இப்போது குரங்கு என்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? நாளைக்கே அணில் என்று மாற்றிவிட்டால்?

- வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகன் தடுமாறிய இடத்தில், உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே சறுக்கியிருக்கிறார். 1758-இல் பிலிப்பீன்ஸ் கொலுகோவுக்குப் பெயர் வைத்தபோது அதை லெமூர் (மடகாஸ்கரில் வாழும், குரங்குக்குச் சொந்தமான விலங்கு) கூட்டத்தில் சேர்த்துவிட்டார்.

உருவத்தை வைத்துச் சொந்தம் பார்ப்பதில் உள்ள வம்பு இதுதான். பொதுவான மூதாதையிடமிருந்து வந்த ஒற்றுமையும் உண்டு. ஒரே மாதிரி பிழைப்பு நடத்தியதால் வந்த ஒற்றுமையும் உண்டு. பின்னது சாட்சிக்கு ஆகாது. சுறாவும் டால்பினும் ஒரே வாகில் இருக்கின்றன, ஒன்று மீன், மற்றது பாலூட்டி.

கொலுகோவின் வாயைப் பாருங்கள் (அது காட்டாது, மண்டையோட்டுப் படம் போதும்). கீழ் முன்பற்கள் சீப்பு மாதிரி இருக்கும். லெமூருக்கும் சீப்புப் பல் உண்டு. ஆனால் லெமூரிடம் பல பற்கள் நெருங்கி நின்று ஒரு சீப்பாகின்றன. கொலுகோவிடமோ ஒவ்வொரு பல்லும் மெல்லிய கீற்றுகளாகப் பிரிந்து தனித்தனிச் சீப்பாக நிற்கிறது. ஆக, இரண்டும் வெவ்வேறு வழியில் வந்தவை. பழைய உடற்கூற்றியலாளர்களைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். இப்படிப் பல் பல்லாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

வௌவால் குழப்பத்துக்குக் காரணம் தோல்சவ்வு. கொலுகோவுக்கு விரல்களுக்கு நடுவிலும் சவ்வு இருக்கிறது, யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். பல மரபணுக்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டபோது வௌவால் நாய், குதிரை, திமிங்கலம் இருக்கும் கிளைக்குப் போய்விட்டது. கொலுகோ குரங்குகள் பக்கம் வந்து நின்றது. 2016-இல் வெளியான கொலுகோவின் முழு மரபணுத்தொகுதி ஆய்வும் அதையே சொன்னது.

இன்னொரு வகைச் சாட்சியும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. டிஎன்ஏவில் சில துண்டுகள் தம்மை நகலெடுத்து வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும். ஒரே துண்டு, ஒரே இடத்தில், இரண்டு இனங்களில் தற்செயலாக நுழைவது அரிதிலும் அரிது. அதனால் அது இரண்டிலும் இருந்தால் பொது மூதாதையிடமிருந்து வந்தது என்று கொள்ளலாம். திமிங்கலத்தின் நெருங்கிய சொந்தம் நீர்யானை என்பதை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த வழியில் உறுதிப்படுத்தினார்கள்.

அதற்காக ஒரே ஒரு மரபணுவை நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. நமக்கு மிக நெருக்கம் சிம்பன்சிதான். ஆனாலும் 2012-இல் கொரில்லாவின் மரபணுத்தொகுதியைப் படித்தபோது, அதில் ஏறக்குறைய 30 விழுக்காட்டுப் பகுதியில், மனிதனும் சிம்பன்சியும் தங்களுக்குள் ஒத்துப்போவதைவிட, கொரில்லா அவற்றில் ஒன்றுடன் அதிகம் ஒத்துப்போனது. மரபணுக்களும் சில நேரம் ஆளுக்கொரு கதை சொல்லும். அதனால்தான் நிறையப் பேரை விசாரிக்கிறார்கள்.

இதெல்லாம் எங்கோ நடக்கும் காரியம் இல்லை. நம் மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டில் வாழும் ராஃபிள்ஸ் பட்டை இலைக்குரங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மரத்தின் மேலேயே இருக்கும், ஆளைக் கண்டால் ஓடிவிடும். பிடித்து ரத்தம் எடுக்கிற கதை நடக்காது. ஆய்வாளர்கள் கீழே விழும் எச்சத்தைப் பொறுக்கி, அதிலிருந்த டிஎன்ஏவைப் படித்தார்கள். ஒரே இனத்தின் மூன்று உட்பிரிவுகள் என்று கருதியவை உண்மையில் மூன்று தனி இனங்கள் என்று 2020-இல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவின் தென்பகுதியிலும் மட்டும் இருப்பது அவற்றில் ஒன்று. தனி இனம் என்று ஆனதும் அதன் எண்ணிக்கை எவ்வளவு குறைவு என்பதும் தெரிந்துவிட்டது.

சரி, நாளைக்கு அணில் என்பார்களா? கொலுகோ விஷயத்தில் அது நடக்காது என்றே நினைக்கிறேன். தனித்தனிச் சாட்சிகள் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. ஆனால் அதே புக்கிட் தீமாவில், அச்சாக அணில் போலவே தரையில் ஓடும் மர மூஞ்சூறு இருக்கிறது. அது அணில் இல்லை. கொலுகோவின் பக்கமா, எலி, முயல் பக்கமா என்று இன்னமும் ஆய்வுக்கு ஆய்வு விடை மாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த முறை மகனுக்கு அதைக் காட்டுங்கள், கூர்மூக்கை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம்.