மேல்பல் படம் தலைகீழாக வருகிறதா? ஒரே ஒரு ஃபிளிப்போடு நிறுத்தாதீர்கள்

கேள்வி: பாலக்கோட்டில் சிறிய பல் கிளினிக் நடத்துகிறேன். லேப்டாப்பில் செருகிப் பயன்படுத்தும் இன்ட்ரா ஓரல் கேமரா (வாய்க்குள் விட்டுப் பல்லைப் படம் எடுப்பது) ஒன்று வாங்கினேன். கீழ்ப்பற்கள் ஒழுங்காகத் தெரிகின்றன, மேல்பற்கள் மட்டும் தலைகீழாக வருகின்றன. மென்பொருளில் ‘ஃபிளிப் வெர்டிகல்’ (படத்தை மேல் கீழாகப் புரட்டுவது) போட்டு நிமிர்த்திக்கொண்டேன். அப்புறம் கிருஷ்ணகிரியில் உள்ள ரூட் கெனால் நிபுணருக்கு ஒரு படம் அனுப்பினால், “16 என்று எழுதியிருக்கிறீர்கள், பார்க்க 26 மாதிரி இருக்கிறதே” என்கிறார். கேமராவை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம் டாக்டர், கேமரா நன்றாகவே இருக்கிறது. சிக்கல் அந்த ஃபிளிப்பில்தான்.

தலைகீழாகச் சுழன்ற படத்தைத் திருப்பி வைத்தால் சரியாகிவிடும். கண்ணாடிப் பிம்பமாகிவிட்ட படத்தை எப்படிச் சுழற்றினாலும் சரியாகாது. ஆம்புலன்ஸ் முகப்பில் எழுதியிருக்குமே, அந்த மாதிரி. உங்களுக்கு வந்தது முதல் வகைக் கோளாறு. ஒற்றை ஃபிளிப் போட்டு அதை இரண்டாவது வகையாக மாற்றிவிட்டீர்கள். வெட்டும்பற்கள் மேலே வந்து நிமிர்ந்த மாதிரி தெரியும், ஆனால் வலது இடதாகிவிட்டிருக்கும். 16 என்பது மேல் வலப்பக்க முதல் கடைவாய்ப்பல், 26 அதே பல் இடப்பக்கத்தில்; 16-ஐக் கண்ணாடியில் பார்த்தால் 26 மாதிரியேதான் இருக்கும். நிபுணர் சொன்னது நியாயம்தான்.

மேல்பல் மட்டும் ஏன் தலைகீழாகிறது? இந்தக் கேமராக்களில் லென்ஸ் பெரும்பாலும் நுனியின் பக்கவாட்டில் இருக்கும். கீழ்ப்பல்லுக்கு லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடிக்கிறீர்கள்; மேல்பல்லுக்குக் கைப்பிடியை அரைச்சுற்று உருட்டுகிறீர்கள். இரண்டிலும் நுனி தொண்டைப் பக்கம்தான் நீட்டியிருக்கிறது, அதனால் தொண்டைப் பக்கம் திரையின் மேலேயே நிற்கும். கீழ்த்தாடைக்கு அது சரி. மேல்தாடைக்கு நம் பல் சார்ட்டில் (பற்களை எண்ணோடு குறிக்கும் வரைபடம்) வெட்டும்பற்கள் மேலேயும், நோயாளியின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமும் வர வேண்டும். அதற்குப் படம் முழுவதும் 180 டிகிரி சுழல வேண்டும்.

‘ரொட்டேட் 180’ இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஹரிசான்டல், வெர்டிகல் இரண்டு ஃபிளிப்பையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் 180 டிகிரி சுழற்சிதான். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஃபிளிப் போட்டால் படம் கண்ணாடிப் பிம்பமாக மாறிவிடும், இரட்டைப்படையில் மாறாது. வாய்க்குள் கண்ணாடி வைத்து அதைப் படம் எடுத்தால் மட்டும் ஒரு ஃபிளிப் தேவை. நேரடியாக எடுக்கும் கேமராவுக்கு அது வேண்டியதில்லை.

தர்மபுரிப் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வந்தும், அதற்கு முன் சிறுவயதில் ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களின் கறை போய்விடாது, ஏனென்றால் அது பல் உருவாகும்போதே எனாமலில் ஏறியது. அந்தக் கறை பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். பக்கம் மாறிய படத்தைக் கறையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

சோதிப்பது சுலபம். மாத்திரை அட்டையின் எழுத்தை லென்ஸ் முன் காட்டி ஒரு படம் சேமியுங்கள். எப்படிச் சுழற்றியாவது எழுத்தைப் படிக்க முடிந்தால் படம் கண்ணாடிப் பிம்பமாக மாறவில்லை. திரையில் பார்த்ததோடு விடாமல், சேமித்த கோப்பைத் திறந்தே பாருங்கள். சில மென்பொருள்கள் திரையில் காட்டுவதை மட்டும் திருப்பும், கோப்பைத் தொடாது. வேறு சில, படத்தைத் திருப்பாமல் ‘இப்படித் திருப்பிக் காட்டு’ என்ற குறிப்பை மட்டும் கோப்பில் எழுதும். அந்தக் குறிப்பைப் படிக்காத கணினியில் படம் பழையபடிதான் தெரியும். அடுத்து, உங்கள் டைபோடான்ட்டில் (பயிற்சிக்கான பல் மாதிரி) 16 மேல் ஆர்டிகுலேட்டிங் பேப்பரால் (பற்கள் கடிபடும் இடத்தைக் குறிக்கும் வண்ணத்தாள்) ஒரு புள்ளி வைத்து, நோயாளிக்கு எடுப்பது போலவே எடுங்கள். புள்ளி திரையில் இடப்பக்கம் வர வேண்டும்.

தானாகச் சுழலும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள் என்பேன். அந்தச் சென்சார் புவியீர்ப்பை வைத்துத்தான் மேல் கீழ் முடிவு செய்கிறது. சாய்ந்து படுத்திருப்பவரின் முன்பற்களை எடுக்கும்போது லென்ஸ் நேராகத் தரையைப் பார்க்கும். அப்போது எது மேல் என்று சொல்ல அதற்கு வழியே இல்லை. படம் திடீரென்று புரளும். அதைவிட, கைப்பிடியில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டி எப்போதும் ஒரே மாதிரி பிடிப்பது மேல்.

நோயாளிக்குக் காட்டும்போது கண்ணாடி மாதிரி தெரிந்தால் அவருக்குப் புரிவது எளிது என்று சிலர் அப்படியே வைப்பார்கள். திரையோடு இருக்கட்டும், சேமிக்கும் படத்தில் வேண்டாம்.

இதுவரை எடுத்த மேல்தாடைப் படங்களை மொத்தமாகத் திருப்பிவிடாதீர்கள். ஃபிளிப் போடுவதற்கு முன் எடுத்தவையும் அதில் கலந்திருக்கும். ஒவ்வொன்றையும் எக்ஸ்ரே, பழைய ஃபில்லிங், பிடுங்கிய பல்லின் இடைவெளி இவற்றோடு ஒப்பிடுங்கள். திருத்தியதைத் தனிக் கோப்பாக வையுங்கள், மூலப் படத்தை அழிக்க வேண்டாம். ஒப்பிட எதுவும் கிடைக்காத படத்தில் ‘பக்கம் உறுதியில்லை’ என்று எழுதிவைத்து, அந்த நோயாளி அடுத்த முறை வரும்போது புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.