நைட் பிளேடில் ஒரு பக்கம் மட்டும் அணைவது

நைட் பிளேடு என்பது ரிமோட் ஹெலிகாப்டரை இரவில் பறக்கவிட, உள்ளே எல்இடி விளக்கும் சிறு பேட்டரியும் வைத்த ரோட்டார் பிளேடு. உங்கள் கேள்விக்கு, பேட்டரி பிளக்கைத்தான் முதலில் பாருங்கள், எல்இடியை அல்ல. தரையில் இரண்டு பிளேடும் எரிகின்றன, ரோட்டார் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) வந்ததும் ஒன்று அணைகிறது, ரோட்டார் நின்றதும் திரும்ப எரிகிறது என்கிறீர்கள். எல்இடி செத்திருந்தால் திரும்ப எரியாது.

அந்த வேகத்தில் அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கும் பொருளை அதன் எடையைப் போல சுமார் 450 மடங்கு விசை வெளிப்பக்கம் இழுக்கும். 2 கிராம் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) ஏறக்குறைய 900 கிராம் கனக்கும், அது பிளேடில் உள்ள தன் குழிக்குள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே தளர்ந்த பிளக் விட்டுவிடும்.

சோதிக்க: இரண்டு பேட்டரியையும் 4.2 வோல்ட் வரை சார்ஜ் செய்து, இடம் மாற்றிப் போட்டு சுற்றவிடுங்கள். கோளாறு பேட்டரியோடு போனால் அதன் வயரோ பிளக்கோ, அதே பிளேடிலேயே நின்றால் பிளேடு பக்கத்து பிளக்கோ உள்ளே சால்டரோ (வயரை ஒட்டும் ஈயப் பற்று) விட்டிருக்கலாம். எனக்கு ஒருமுறை பிளக்கின் உள்ளே இருக்கும் உலோகப் பின் (pin) ஒரு முடி அளவு விரிந்திருந்தது, ஊசியால் நெருக்கியதும் சரியாகிவிட்டது.

பேட்டரி ஆடாமல் இருக்க வெளிப்பக்கச் சுவரோடு ஒட்டி நுரைத்துண்டு வையுங்கள். ஆனால் ஒரு பிளேடில் வைத்தது மற்றதிலும் அதே எடையில், அதே இடத்தில் இருக்கட்டும், அப்புறம் பேலன்ஸ் பாருங்கள், இல்லாவிட்டால் வால் நடுங்கும். உப்பிய லிப்போவை மட்டும் திரும்ப உள்ளே திணிக்காதீர்கள். சோதனையைப் பகலிலேயே, பத்து மீட்டராவது தள்ளி நின்று செய்யுங்கள்.