வீட்டுக்கும் பூங்காவுக்கும் மக்களே வாக்களித்து வரி போட்டுக்கொள்வது எப்படி?

பாஸ்டனை வைத்துச் சொல்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000-இல் வந்த ஊர்ப் பேணல் சட்டப்படி (Community Preservation Act), சொத்துவரிக்கு மேல் 3% வரை கூடுதல் வரி போடலாம். ஆனால் ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொள்ள வேண்டும். பாஸ்டன் 2001-இல் வேண்டாம் என்றது, 2016 நவம்பரில் 1%க்குச் சரி என்றது.

1% என்பது வீட்டு விலையில் இல்லை, வரித்தொகையில். வீட்டு மதிப்பில் முதல் 1,00,000 டாலரைக் கழித்துவிடுவார்கள். மீதிக்கு 3,000 டாலர் வரி வந்தால், கூடுதலாகக் கட்டுவது 30 டாலர். வருமானம் குறைந்த வீட்டுக்காரர்களுக்கு விலக்கு உண்டு. மாநில அரசும் பத்திரப்பதிவுக் கட்டணத்திலிருந்து ஒரு பங்கு தருகிறது.

கட்டுப்படியாகும் வீடுகள், பூங்கா மற்றும் திறந்தவெளி, பழைமைச் சின்னங்கள் மூன்றுக்கும் இப்படிச் சேரும் பணத்தில் ஆண்டுதோறும் தலா 10%ஆவது ஒதுக்கியாக வேண்டும். பழைய விளையாட்டுத் திடலைப் புதுப்பிக்கலாம், ஆனால் புல் வெட்டும் கூலிக்கு இதில் கை வைக்க முடியாது. எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். அன்றாடச் செலவுக்கு வழி திறந்துவிட்டால் புது வீடுகளுக்குக் காசு மிஞ்சாது.