உரசிப் போகும் வண்டிகள்: ராமநாதபுரம் கடற்கரை ரோட்டுக்காரர்களின் கேள்விகளும் பதிலும்

பாம்பன் பாலம், ஈ.சி.ஆர்., தனுஷ்கோடி ரோடு என்று நம் பக்கத்துச் சாலைகளில் தாறுமாறாக ஓட்டுகிறவர்களிடமிருந்து மயிரிழையில் தப்பியவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கேட்டவர்களில் டூவீலர்காரர்களே அதிகம். அதனால் பதிலும் அவர்கள் பக்கமே நீள்கிறது.

மண்டபத்திலிருந்து: அண்ணே, தினமும் பைக்கில் ராமேஸ்வரம் வேலைக்குப் போறேன். பாலத்துல பின்னாடி வர்ற பஸ் கையை உரசுற மாதிரி முந்துது. அது தாண்டும்போது பைக் தானாவே பஸ் பக்கம் இழுக்குது. பிரேக் பிடிச்சா இன்னும் ஆடுது. ஏன் இப்படி?

இழுப்பது உண்மைதான் தம்பி, மனப்பிரமை இல்லை. பாலம் ஏறக்குறைய மேற்கு கிழக்காகக் கிடக்கிறது. ரெண்டேகால் கிலோமீட்டருக்கு மேல் இரண்டு பக்கமும் கடல், காற்றை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. ஆனி, ஆடியில் சோழகம் (தெற்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது ராமேஸ்வரம் போகிறவருக்கு அது வலது தோளில் மோதும். அதைச் சமாளிக்க நீங்கள் அறியாமலே வண்டியை வலப்பக்கம் லேசாகச் சாய்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்த நேரம் பஸ் வலப்பக்கம் வந்து சுவர் மாதிரி நிற்கிறது. காற்று சட்டென்று நின்றுவிடும், ஆனால் உங்கள் சாய்வு அப்படியே இருக்கும். வண்டி பஸ்ஸை நோக்கிப் போகிறது.

இதோடு பஸ் கிளப்பும் காற்றும் சேர்கிறது. அதன் முகப்பு தள்ளிவரும் காற்று முதலில் உங்களை இடப்பக்கம் நெட்டும். நடு உடம்பு பக்கத்தில் வரும்போது உள்ளே இழுக்கும். பின்பக்கம் கடந்ததும், அதுவரை மறைந்திருந்த சோழகம் மொத்தமாக வந்து கைப்பிடிச்சுவர் பக்கம் தள்ளும். நீங்கள் 40-லும் பஸ் 60-லும் போனால் இந்த மூன்றும் ஏறக்குறைய 2 வினாடிக்குள் முடிந்துவிடும். அதற்குள் பிரேக் பிடித்தால் எடை முன்சக்கரத்துக்குப் போய் ஹேண்டில் கனத்துவிடும். சாய்வைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில் ஹேண்டில் திரும்பாது. ஆட்டம் அதனால்தான்.

செய்ய வேண்டியது எல்லாம் பஸ் வருவதற்கு முன்னாலேயே. கண்ணாடியில் அது தெரிந்ததும் 40-க்கு இறங்கி ஒரு கியர் குறையுங்கள். சுவரை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு மீட்டராவது இடம் விடுங்கள். கடைசித் தள்ளலை வாங்கிக்கொள்ள அந்த இடம் வேண்டும். முட்டியால் டேங்க்கை இறுக்குங்கள், முழங்கையைத் தளர்த்துங்கள், ஹேண்டிலை நசுக்கிப் பிடிக்காதீர்கள். ஆக்சிலேட்டரை லேசாக, ஒரே அளவில் வைத்திருங்கள். பிரேக்கில் விரல் வேண்டாம்.

திரும்பி வரும்போது சோழகம் இடது தோளில் அடிக்கும், பஸ் உங்களுக்கு வலப்பக்கம் முந்தும். அப்போது காற்றே உங்களை பஸ்மேல் தள்ளப் பார்க்கும் என்பதால் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் இருப்பது நல்லது. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்றில் இந்தக் கணக்கு தலைகீழாகும். பழைய ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தினார்கள். பைக்குக்கு அப்படிச் சிக்னல் கிடையாது. ஏறும் முன் மண்டபம் பக்கம் ஒரு பனையையோ கொடியையோ பாருங்கள். ஓலை மொத்தமும் ஒரே பக்கம் மடங்கி நின்றால், பின்னால் அகலமான மூட்டையோ, ஒருபக்கமாக உட்கார்ந்த ஆளோ இருக்கும்போது ஏறாதீர்கள். மழைநாளில் இரும்பு இணைப்புகளை நேராகத் தாண்டுங்கள், அதன்மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம்.

தொண்டியிலிருந்து: சார், ஈ.சி.ஆரில் எதிரே வந்த கார் லாரியை முந்திக்கிட்டு என் பக்கமே நேரா வந்துடுச்சு. மண்ணுல இறங்கித்தான் பிழைச்சேன். வலப்பக்கம் காலியா இருந்துச்சு, அங்கே போயிருக்கலாமோன்னு இப்ப தோணுது.

வலப்பக்கம் போகாததால்தான் இன்று கேள்வி கேட்கிறீர்கள் ஐயா. தப்பான பக்கத்தில் வருகிறவர் கடைசி நொடியில் தன் பக்கத்துக்குத்தான் திரும்புவார். அவருடைய பக்கம் உங்களுக்கு வலது. இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் போய் முட்டிக்கொள்வீர்கள். காலியாகத் தெரிந்தாலும் வலப்பக்கம் கூடாது. எப்போதும் இடப்பக்கம்தான்.

நேரத்தைக் கணக்குப் பார்ப்போம். நீங்கள் 60, அவர் 90 என்றால் வினாடிக்கு 42 மீட்டர் வீதம் இடைவெளி கரைகிறது. 200 மீட்டர் தூரத்தில் பார்த்தால் 5 வினாடிகூட இல்லை. அதில் ஒரு வினாடி 'இவன் உள்ளே போயிடுவான்' என்று நம்புவதிலேயே போய்விடும். ஆகவே நம்ப வேண்டாம். சந்தேகம் வந்த கணமே ஆக்சிலேட்டரை விடுங்கள், தாரில் இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி 30-க்குக் கொண்டுவாருங்கள். பிறகு பிரேக்கை விட்டுவிட்டு நேராக மண்ணில் இறங்குங்கள். நம் பக்கத்து ஓரம் வெறும் மணல். அங்கே முன்பிரேக் தொட்டால் சக்கரம் பூட்டிச் சாய்த்துவிடும். பார்வை காரின்மேல் வேண்டாம், போக வேண்டிய இடத்தின்மேல் இருக்கட்டும். கண் போகிற பக்கம்தான் வண்டியும் போகும்.

இறங்கிய பிறகு நடக்கிற தப்பு ஒன்று உண்டு, அதில்தான் நிறைய பேர் விழுகிறார்கள். தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நான்கு விரல் உயரம் இருக்கும். பதற்றத்தில் அப்படியே ஹேண்டிலை ஒடித்து மேலே ஏறப் பார்ப்பார்கள். டயரின் பக்கச்சுவர் விளிம்பில் உரசிக்கொண்டே ஓடும், ஏறாது. மேலும் ஒடித்தால் சட்டென்று ஏறி வண்டியை எதிர்ப்பக்கம் வீசிவிடும். காருக்கும் இதே கதிதான். நடைவேகத்துக்கு வரும்வரை மண்ணிலேயே ஓடவிடுங்கள். பின்னால் பார்த்துவிட்டு, விளிம்பு மட்டமாக இருக்கும் இடத்தில் கொஞ்சம் நன்றாகவே திருப்பி ஏறுங்கள்.

உப்பூரிலிருந்து: அப்போ நாங்க லாரியை முந்தும்போது எதிரே எவ்வளவு ரோடு காலியா இருக்கணும்?

60-ல் போகும் லாரியை 80-ல் முந்த ஏறக்குறைய 9 வினாடி பிடிக்கும். அதற்குள் நீங்கள் 200 மீட்டர் ஓடியிருப்பீர்கள், எதிரே 80-ல் வருகிறவரும் 200 மீட்டர் வந்திருப்பார். ஆக 400 மீட்டர் வெறுமனே மோதாமல் இருக்க, அதற்குமேல் 100 மீட்டராவது கையிருப்பு. மதிய வெயிலில் கானல் ஓடும்போது எதிரே வரும் பைக் அதில் கரைந்துபோகும், ரோடு காலி மாதிரியே தெரியும். நேரான ரோடு என்று இதை மறக்கக் கூடாது. லாரிக்காரர் போடும் வலது இண்டிகேட்டரை நம்பி முந்தாதீர்கள். சிலர் 'போ' என்று போடுவார்கள், சிலர் வலப்பக்கம் திரும்பப் போடுவார்கள். இரண்டுக்கும் ஒரே விளக்குதான்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, பின்னாடி ஒட்டிக்கிட்டே ஹாரன் அடிச்சு விரட்டுறானுவ. வேகம் கூட்டவா, பிரேக் லைட்டைக் காட்டி பயமுறுத்தவா?

இரண்டும் வேண்டாம் தம்பி. பின்னால் ஒட்டி வருகிறவருக்கு பிரேக் பிடிக்க இடமே இல்லை. அந்த இடத்தை நீங்கள்தான் முன்பக்கம் உண்டாக்கித் தர வேண்டும். முன்னே போகும் வண்டி ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் 'நூற்று ஒண்ணு, நூற்று ரெண்டு' என்று எண்ணுங்கள். நான்கு எண்ணும் வரை நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வரக் கூடாது. சாதாரண நாளில் மூன்று போதும். இந்த இடைவெளி இருந்தால் நீங்கள் திடீரென்று நிற்க வேண்டிய அவசியமே வராது, அவரும் உங்கள்மேல் ஏற மாட்டார். பிறகு இடது இண்டிகேட்டர் போட்டு, அகலமான இடமாகப் பார்த்து ஒதுங்கி விட்டுவிடுங்கள். அவர் முன்னால் போய்விட்டால் அவர் எங்கே இருக்கிறார் என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும். அதுதான் உங்களுக்கு லாபம்.

பாம்பனிலிருந்து: பாலத்துல டூரிஸ்ட் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறாங்க. சட்டுனு கதவைத் திறக்கிறாங்க.

நிற்கும் கார் வரிசையைக் கடக்கும்போது 20-க்கு வாருங்கள். கதவின் அகலமும் அதற்குமேல் ஒரு முழமும் விட்டுத் தள்ளிப் போங்கள். அதற்கு எதிர்ப்பக்கம் இடம் இல்லையென்றால் நின்று, எதிர்வண்டி போனபிறகு கடங்கள். பிரேக் லைட் இப்போதுதான் அணைந்திருந்தாலோ, உள்ளே தலை அசைந்தாலோ கதவு திறக்கப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயில் வரும் நேரம் இன்னும் மோசம். எல்லார் கண்ணும் தண்டவாளத்தின்மேல் இருக்கும், கால் மட்டும் ரோட்டில் இறங்கும்.

தங்கச்சிமடத்திலிருந்து: மீன் வண்டித் தண்ணியில ரெண்டு தடவை வழுக்கப் பார்த்துச்சு. இதையும் கவனிக்காம ஓட்டுறதுல சேர்க்கலாமா அண்ணே?

தாராளமாகச் சேர்க்கலாம். ஐஸ் தண்ணீரோடு மீன் கழிவும் கொழுப்பும் வடிகிறது. மழைத்தண்ணீரைவிட அது வழுக்கும், காய்ந்த பிறகும் முதல் தூறலில் மறுபடி வழுக்கும். அதிகம் கொட்டுவது வளைவிலும் வேகத்தடையிலும்தான், பெட்டி ஆடும்போது. கருத்த ஈரக் கோடு தெரிந்தால் அந்தக் கோட்டில் ஓடாதீர்கள், தாண்டுவதானால் நிமிர்ந்தபடி தாண்டுங்கள். வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வடிகுழாயை ரோட்டில் விடாமல் அடியில் ஒரு மூடிய தொட்டி கட்டி, குழாய் வைத்து, சந்தைக்குப் போன இடத்தில் திறந்துவிடுங்கள். செலவு பெரிதில்லை, பின்னால் வருகிறவர் உயிர் பெரிது.

இதோடு ஒன்று. உப்புக்காற்றில் பைக்கின் பிரேக் லைட் சுவிட்ச் சீக்கிரம் கெடும். வலது கால் பெடலுக்கு மேலே ஸ்பிரிங்கோடு இருப்பது ஒன்று, முன்பிரேக் பிடியில் இன்னொன்று. ஒன்று வேலை செய்வதால் மற்றது செத்தது தெரியாது. ராத்திரி வண்டியைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, முதலில் கை பிரேக், பிறகு கால் பிரேக் என்று தனித்தனியாகப் பிடித்துச் சுவரில் சிவப்பு விழுகிறதா பாருங்கள். பச்சை பூத்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவுங்கள். பின்னால் வந்து இடித்தவர் 'லைட்டே எரியல' என்று சொல்வது பல நேரம் உண்மைதான்.

சாயல்குடியிலிருந்து: எதிரே டிம் பண்ணாம வர்றாங்க. ஒண்ணும் தெரியலை.

பதிலுக்கு நாமும் ஹைபீம் போட்டால் ரோட்டில் பார்வையில்லாதவர்கள் இரண்டு பேர் ஆவார்கள். ஒருமுறை டிப் அடித்துக் காட்டுங்கள். பிறகு வேகத்தைக் குறைத்து, இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். அவர் கடந்த பிறகும் சில வினாடி கண் தெளியாது, அதுவரை வேகம் கூட்டாதீர்கள். கண்ணாடியிலும் ஹெல்மெட் வைசரிலும் படியும் உப்புப் படலம் வெளிச்சத்தைச் சிதறடித்து இரண்டு மடங்கு கூசவைக்கும். வறண்ட துணியால் துடைத்தால் கீறல்தான் மிஞ்சும், சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள்.

டிம் வெளிச்சம் நன்றாகக் காட்டுவது 40 மீட்டர் அளவுக்கு. 50-ல் போனால் பார்த்து, பிரேக் பிடித்து நிற்க 35 மீட்டர் போதும். 60-ல் 45 மீட்டர் வேண்டும். விளக்கில்லாமல் நிற்கும் கரிமூட்ட லாரியோ டிராக்டரோ எதிர்ப்பட்டால் அந்த 10 கிலோமீட்டர்தான் வித்தியாசம்.

திருப்புல்லாணியிலிருந்து: ஸ்கூட்டியில பிள்ளையை ஸ்கூல்ல விடப் போறேங்க. கருவேலம் மறைச்ச முக்குல எதிரே வேன் ரோட்டு நடுவுல வருது.

வளைவுக்கு முன்பே 25-க்கு வந்துவிடுங்கள் தங்கச்சி, ஒரு ஹாரன் அடியுங்கள், இடது ஓரத்திலேயே வளையுங்கள். பிள்ளையை முன்னால் நிற்கவைக்காமல் பின்னால் உட்காரவைத்து ஹெல்மெட் போடுங்கள். முட்செடியை வெட்டச் சொல்லி ஊராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் இடத்தைக் குறித்து மனு கொடுங்கள். மழைக்குப் பிறகு மறுபடி தழைக்கும், மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும்.

ராமநாதபுரத்திலிருந்து: விரட்டிப் பிடிச்சுக் கேட்கணும்னு ஆத்திரம் வருது. புகார் குடுத்தா எடுப்பாங்களா?

விரட்டாதீர்கள். இரண்டாவது ஆபத்தை நீங்களே உண்டாக்குவீர்கள். ஒதுங்கி நின்று நான்கு விஷயங்களை உடனே எழுதுங்கள்: முழுப் பதிவெண், நேரம், போன திசை, பக்கத்துக் கிலோமீட்டர் கல். பதிவெண்ணை வாய்விட்டு மூன்று முறை சொன்னால் மறக்காது. ஆபத்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் 100 அல்லது 112. எழுத்துப் புகாரில் 'அசுரவேகம்' என்று எழுதுவதைவிட, 'இத்தனையாவது கல் அருகே, மஞ்சள் கோட்டைத் தாண்டி, எதிரே நான் வரும்போது முந்தினார், நான் மண்ணில் இறங்கினேன்' என்று எழுதுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதற்கானது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மோதியிருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். காரில் டேஷ்கேம் இருந்தால் அன்றைக்கே பதிவைத் தனியாக எடுத்துவையுங்கள், புதுப் பதிவு பழையதை அழித்துவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து: அடிபட்டுக் கிடக்கிறவரைத் தூக்கினா நம்மமேல கேஸ் வருமா?

வராது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்கிறவரைப் பாதுகாக்கிறது, பெயர் சொல்லும்படிகூட வற்புறுத்தக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள், ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காமல் வையுங்கள், ரத்தம் வரும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தண்ணீர் புகட்ட வேண்டாம். நம் மாநிலத்தில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் இலவசம்.

உச்சிப்புளியிலிருந்து: தப்பிச்ச பிறகு கை நடுங்குது. உடனே கிளம்பலாமா?

வேண்டாம் தம்பி. ரோட்டை விட்டுத் தள்ளி நிறுத்தி, பத்து நிமிஷம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். நடுக்கம் நின்றபிறகு வண்டியைப் பாருங்கள்: மண்ணில் இறங்கிய டயரின் பக்கச்சுவரில் கீறலோ புடைப்போ இருக்கிறதா, ரிம் வளைந்திருக்கிறதா, ஹேண்டில் நேராக இருக்கும்போது முன்சக்கரமும் நேராக நிற்கிறதா. டிஸ்க்கில் மணல் ஒட்டியிருந்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு 10 வேகத்தில் ஓட்டி, ஒவ்வொரு பிரேக்கையும் தனியாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ரோட்டில் ஏறுங்கள்.