கேஸ்கட் மாற்றியும் பழைய பிக்கப்பின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒழுகுவது ஏன்?

1972 செவ்ரோலே சி10, டர்போ 350 கியர்பாக்ஸ். அடியில் உள்ள எண்ணெய்த் தட்டான பானின் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) புதுசு, ஆனாலும் இரண்டு வாரம் நிறுத்தினால் தரையில் சிவப்பு எண்ணெய் என்கிறீர்கள். ஓட்டும் நாட்களில் ஒழுகாமல், நின்றால் மட்டும் ஒழுகுகிறதா? அப்படியென்றால் பான்மீது குறை சொல்லாதீர்கள். நிற்கும்போது டார்க் கன்வர்ட்டரில் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) உள்ள எண்ணெய் மெல்ல பானுக்கு இறங்கி, மட்டம் கியர் லீவர் தண்டின் சீல் வரை ஏறிவிடும். இறுகிப்போன பழைய சீல் அங்கே கசியும். எண்ணெய் கியர்பாக்ஸ் கூட்டின் ஓரமாக வழிந்து பான் விளிம்பில் சொட்டுவதால்தான் எல்லோரும் கேஸ்கட்டையே மாற்றுகிறார்கள்.

முதலில் நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் நிறுத்தி வைத்து, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகப் பாருங்கள். முதலில் ஈரமாகும் இடம்தான் குற்றவாளி.

பான்தான் என்றால், கழற்றி விளிம்பைத் தடவிப் பாருங்கள். அதிகமாக முறுக்கியதில் போல்ட் துளைகளைச் சுற்றி மேடு தட்டியிருக்கும். மரக்கட்டைமேல் வைத்துத் தட்டி நேராக்காமல் எந்த கேஸ்கட்டும் நிற்காது. ஃபில்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

தரையில் சொட்டே இல்லாமல் எண்ணெய் குறைந்தால் வேக்யூம் மாடுலேட்டரின் (எஞ்சின் வெற்றிடத்தை வைத்து கியர் மாறுவதைச் சீராக்கும் பாகம்) குழாயைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு ஈரம் இருந்தால் மாடுலேட்டருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்து, எண்ணெய் எஞ்சினுக்குள் போய் எரிகிறது.

எண்ணெய் அளவை எஞ்சின் ஓடும்போது, சூடாக, கியர் லீவரை பார்க் (P) நிலையில் வைத்தே பாருங்கள்.